ராம்பிளின் மே மாதக் காலைகள்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் 843 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது சென்ட்ரல் பூங்கா. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கனடாவின் ஊசியிலைக் காடுகளுக்கும் அமெரிக்க வடகிழக்கு மலைகளுக்கும் கூடுகட்டப் போகிற பறவைகள் இவை. அட்லாண்டிக் கரையை ஒட்டிய வலசைப் பாதை இந்த நகரத்தின் தலைக்கு மேலேயே செல்கிறது. இரவெல்லாம் பறந்து களைத்த பறவை விடியும் வேளையில் கீழே நோக்கினால் கட்டடமும் தார்ச்சாலையும் கண்ணாடியும்தான் தெரியும். நடுவே 4 கிலோமீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமுமாக ஒரு பச்சைச் செவ்வகம். காடாக இருந்தால் பல மைல் பரப்பில் சிதறி இறங்கியிருக்கும் பறவைகள், இங்கே அந்தச் செவ்வகத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. உலகின் மிக நெருக்கமான நகரங்களில் ஒன்றின் நடுவே 280க்கு மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருப்பதற்கு இந்த நெருக்கடியே காரணம். பறவைக்கு அது சுற்றுலாத் தலம் அன்று. நடைப்பயணிக்கு வழியில் இருந்த ஒரே சத்திரம் போன்றது.

விடியுமுன் எழுந்து மக்கள் இங்கே வருவது பெரும்பாலும் வார்ப்ளர் என்னும் சிறு பறவைகளுக்காக. தமிழில் வார்ப்ளரைக் கதிர்க்குருவி என்கிறோம். ஆனால் குளிர்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வரும் கதிர்க்குருவிகளும் அமெரிக்க வார்ப்ளர்களும் வெவ்வேறு குடும்பம். நம்முடையவை மங்கிய பச்சையும் பழுப்புமானவை. பலவற்றைக் குரல் கேட்டால்தான் பிரித்தறிய முடியும். அமெரிக்க வார்ப்ளர்களில் ஆண்பறவைகள் இளவேனிலில் மஞ்சளும் நீலமும் கருப்பும் செம்பழுப்புமாக, ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கோலத்தில் வருகின்றன. ஒரு பறவையின் எடை சுமார் 10 கிராம். நம் கணக்கில் ஒன்றேகால் பவுன். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஆண்டிஸ் மலைச்சரிவிலிருந்து கனடாவரை அது போகிறது. தமிழ்நாட்டில் ஏப்ரல் என்பது வலசை வந்தவை புறப்பட்டுப் போகும் மாதம். நம் ஊரில் பறவை பார்த்துப் பழகியவர்கள் நியூயார்க்கில் காலத்தை அப்படியே புரட்டிப்போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூங்காவுக்குள் பறவைகள் அதிகம் கூடும் இடம் ராம்பிள். ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 36 ஏக்கரில் பாறையும் புதரும் மரமும் சுற்றிச்சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதைகளுமாக இருக்கும் பகுதி அது. முதலில் பார்ப்பவர்கள், நகரம் எழுமுன் இருந்த பழங்காட்டின் மிச்சம் என்றே எண்ணுவார்கள். பாறை மட்டுமே பழையது. மற்றெல்லாம் கையால் செய்தது. பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர் 1858இல் வகுத்த திட்டப்படி மண் கொட்டி, மரம் நட்டு, ஓடை வெட்டி உருவாக்கிய தோட்டம் இது. நடுவே சலசலக்கும் கில் என்ற ஓடையில் ஓடுவது நகரக் குழாய் வழியாக வரும் நீர். செயற்கையா இயற்கையா என்பது பறவைக்குப் பொருட்டில்லை. தண்ணீர் இருக்கிறதா, புழு இருக்கிறதா, ஒளிய இடம் உண்டா என்ற மூன்றுக்கும் ராம்பிள் விடை சொல்கிறது.

சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. இரவில் காற்று அடங்கியிருக்கும், உடம்பு சூடேறாது, வல்லூறு, பருந்துகளின் தொல்லை குறைவு, பகலை இரை தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். விண்மீன்களையும் புவியின் காந்தப் புலத்தையும் கொண்டு அவை திசை அறிகின்றன. தெற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீசும் இரவில் பெருங்கூட்டமாகக் கிளம்பும். வடக்கிலிருந்து குளிர்க்காற்று எதிர்த்தாலோ மழை பிடித்தாலோ எங்கிருக்கிறதோ அங்கேயே இறங்கிவிடும். ஆகவே பறவை நோக்கர்களுக்குத் தென்காற்றும் அதன் பின்னால் விடியற்காலை மழையும்தான் நற்செய்தி. அந்தக் கூட்டம் வானிலை ராடாரில் மேகம் போலத் தெரியும். ராடார் பதிவைக் கொண்டு, இன்றிரவு எத்தனை பறவைகள் வானில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பேர்ட்காஸ்ட் என்ற சேவையும் இப்போது உண்டு. பழைய ஆட்கள் அதைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. இரவு படுக்கப் போகுமுன் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலாரம் வைப்பார்கள்.

வருகைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மார்ச் நடுவில், மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கும்போதே, வாலை ஆட்டிக்கொண்டு ஃபீபி என்ற ஈப்பிடிப்பான் வந்துவிடும். மார்ச் கடைசியில் பைன் வார்ப்ளர். ஏப்ரலில் பாம் வார்ப்ளரும், இடுப்பில் மஞ்சள் திட்டுள்ள யெல்லோ ரம்ப்டு வார்ப்ளரும். இந்தப் பின்னது மற்றவற்றைவிட முந்தி வரக் காரணம் அதன் வயிறு. மெழுகு படிந்த புதர்ப்பழங்களைச் செரிக்கும் திறன் இருப்பதால் பூச்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். பிறகு மே முதல் இரண்டு வாரம். அதுதான் உச்சம். பால்ட்டிமோர் ஓரியோலும் ஸ்கார்லெட் டானஜரும் மார்பில் ரோஜாத் திட்டுள்ள கிராஸ்பீக்கும் பூங்குருவிகளும் வார்ப்ளர்களோடு சேர்ந்து வந்துவிழும். ஒரே காலையில் 20 வகை வார்ப்ளர் பார்த்தவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மே தொடக்கத்துக்கும் ஓக் மரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அப்போதுதான் ஓக் மரங்கள் துளிர்விட்டு, நூல் நூலாகப் பூச்சரங்களைத் தொங்கவிடுகின்றன. அந்தத் துளிரைத் தின்ன, சாண் அளப்பது போல முதுகை வளைத்து நகரும் பச்சைப்புழுக்கள் பொரிந்து வருகின்றன. அந்தப் புழுக்களை நம்பித்தான் வார்ப்ளர்கள் வருகின்றன. இலை முழுதாக விரிந்துவிட்டால் பறவை மறைந்துவிடும். துளிரே இல்லையென்றால் புழு இல்லை. ஆகவே மனிதக் கண்ணுக்குக் கிடைப்பது இலை பாதி விரிந்த அந்தச் சில நாட்கள்தான்.

வேலைக்காக நியூயார்க் வந்த இக்கட்டுரையாளர் ராம்பிளுக்குள் முதலில் நுழைந்தது 2000களின் நடுவில், மே மாத ஞாயிறு ஒன்றில். அன்று கையில் இருநோக்கி இல்லை. முந்தைய இரவு பெய்த மழையில் பாதைக் கற்கள் ஈரமாக இருந்தன. அசேலியா குளம் என்ற சிறு நீர்த்தேக்கத்தின் அருகே பதினைந்து, இருபது பேர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. விபத்து ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முதிய பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தன் இருநோக்கியைக் கழற்றி நீட்டினார். "ஓக் மரம். பதினொரு மணிக்கு. உச்சியிலிருந்து ஒரு கை கீழே" என்றார். மரத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டு மணிக்கணக்கில் இடம் சொல்லும் வழக்கம் அவர்களுடையது என்பது பின்னால் தெரிந்தது. கண்ணாடிக்குள் இலையும் வானமும் மங்கலாக ஓடின. பிறகு ஒரு கிளை நிலைத்தது. அந்தக் கிளையில் தொண்டை முழுக்கத் தணல் நிறத்தில் ஒரு பறவை இருந்தது.

அது பிளாக்பர்னியன் வார்ப்ளர். கருப்பும் வெள்ளையுமான உடல். முகமும் தொண்டையும் மட்டும் ஆரஞ்சு. அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதும்போது கரி ஒரு கணம் காட்டும் நிறம் அது. வெயில் பட்டபோது அந்த நிறம் ஏறியது, நிழலுக்குள் போனபோது தணிந்தது. பறவை யாரையும் பொருட்படுத்தவில்லை. துளிரைத் திருப்பியது, புழுவை எடுத்தது, அடுத்த துளிருக்குப் போனது. ஐந்து நிமிடம் பார்த்தபின் இருநோக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண்மணி, "இது ஆண்டிஸ் மலையிலிருந்து வருகிறது. பசியோடு இருக்கிறது" என்றார். அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பசி என்ற அந்த ஒரு சொல் இக்கட்டுரையாளரின் பார்வையை மாற்றிவிட்டது. அதற்கடுத்த பல ஆண்டுகளில் கற்றவை எல்லாம் அந்தச் சொல்லின் விரிவுரைகளே.

பறவை நோக்குவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் இருநோக்கி ஒன்று போதும். பறவையைத் தேடி இருநோக்கியைச் சுழற்றக் கூடாது. வெறுங்கண்ணால் அசைவைப் பிடித்து, கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு கருவியை முகத்துக்கு உயர்த்த வேண்டும். புதியவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவது இந்த ஒரு செயலில்தான். மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். "வார்ப்ளர் கழுத்து" என்று அதற்கே ஒரு பெயர் இருக்கிறது. அடுத்தது காது. பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும் என்பதால் தேர்ந்தவர்கள் பாதையில் நடக்கும்போது கண்ணைவிடக் காதைத்தான் திறந்து வைத்திருப்பார்கள். 2021 முதல் கைப்பேசியிலேயே குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி மெர்லின் செயலியில் வந்துவிட்டது. தொடங்குகிறவர்களுக்கு அது பெரும் துணை. ஆனால் திரையில் பெயர் வந்தவுடன் நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த மரத்துக்குப் போகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பெயர் என்பது பார்வையின் தொடக்கம், முடிவு அன்று.

ராம்பிளில் கற்பதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. கூட நடப்பதுதான் கல்வி. ஏரிக்கரைப் படகுத்துறை உணவகத்தில் ஒரு பதிவேடு இருந்தது. அன்றைக்கு யார் எதை எங்கே பார்த்தார்கள் என்று பேனாவால் எழுதி வைக்கும் கனத்த நோட்டு. ஈபேர்ட் என்னும் கணினிப் பட்டியல் 2002இல் தொடங்கிப் பரவுமுன் அந்த நோட்டுதான் பூங்காவின் செய்தித்தாள். ஸ்டார் சஃபீர் என்ற பெண்மணி ஏறத்தாழ 30 ஆண்டுகள் இங்கே பறவை நடைகளை நடத்தினார். உடலில் புற்றுநோய் பரவியபின்னும் இளவேனில் நடைகளை அவர் விடவில்லை, 2013இல் இறந்தார். அவரையும் மற்ற பூங்கா நோக்கர்களையும் பற்றி ஜெஃப்ரி கிம்பல் எடுத்த ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே "சென்ட்ரல் பூங்கா விளைவு" என்ற தொடர் இருக்கிறது. நகர நடுவே ஒரு பச்சைத் தீவு பறவைகளைக் குவிக்கும் விதத்துக்குப் பெயர் அது.

ஒரு மே மாதம், கட்டுரையாளரின் தாயார் மதுரையிலிருந்து வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இருநோக்கி அவருக்குப் பிடிபடவில்லை. "எனக்கு இது வேண்டாம்ப்பா, தலை சுத்துது" என்று கொடுத்துவிட்டு, டுபெலோ புல்வெளியின் ஓரத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய டுபெலோ மரம் ஒன்று பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கும் இடம் அது. கால் மணி நேரம் கழித்து அவரே கையைப் பிடித்து இழுத்தார். "அங்க பாரு, அந்தத் தண்டுல. அணில் மாதிரி மேலயும் கீழயுமா ஓடுது. குருவியா அது?" கருப்பு வெள்ளைக் கோடு போட்ட பிளாக் அண்ட் ஒயிட் வார்ப்ளர். மற்ற வார்ப்ளர்கள் இலை நுனியில் மேய்ந்துகொண்டிருக்க, இது மட்டும் பட்டையின் இடுக்குகளைத் துழாவிக்கொண்டு மரத்தண்டில் ஊர்ந்து திரியும். நோக்கர்கள் அந்தப் பறவையை அறிவது அதன் கோடுகளைவிட அந்த நடையால்தான். இருநோக்கி இல்லாத கண் முதலிலேயே அந்த நடையைப் பிடித்துவிட்டது. ஊர் திரும்பியபின் தொலைபேசியில் எப்போது பேசினாலும் மே மாதத்தில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்தக் கோட்டுக் குருவி வந்துருச்சா?"

இந்த நகரம் பறவையை எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் மன்ஹாட்டனின் கடைத்தெருக்களில் நடந்து, பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவையோ இறகோ இருந்தது. உயிரோடு காட்டில் இருக்க வேண்டிய 40 வகைப் பறவைகளை அவர் கடைத்தெருவிலேயே அடையாளம் கண்டு பட்டியலிட்டார். ஏரியில் நாரைகளும் மரத்தில் மரங்கொத்திகளும் தொப்பிக்காகச் சுடப்பட்ட காலம் அது. சாப்மன் பின்னர் பூங்காவை ஒட்டியுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு எண்ணிக்கைப் போட்டி நடத்திய வழக்கத்துக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று 1900இல் அழைப்பு விடுத்தார். முதல் கணக்கெடுப்பில் 25 இடங்களில் 27 பேர் கலந்துகொண்டனர். சென்ட்ரல் பூங்காவும் அவ்விடங்களுள் ஒன்று. வலசைப் பறவைகளைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1918இல் வந்தது.

சுடாமல் அடையாளம் காண முடியுமா என்ற ஐயம் அன்றைய அறிஞர்களுக்கு இருந்தது. செத்த பறவையைக் கையில் வைத்துத்தான் அவர்கள் வகை பிரித்தார்கள். லட்லோ கிரிஸ்கம் என்பவர் உயிருள்ள பறவையைத் தொலைவில் பார்த்தே உறுதியாகச் சொல்ல முடியும் என்று நிறுவினார். நியூயார்க் வட்டாரப் பறவைகள் பற்றிய அவரது நூல் 1923இல் வெளிவந்தது. அவரிடம் பாடம் கேட்ட பிராங்க்ஸ் பகுதி இளைஞர்களோடு பழகிய ரோஜர் டோரி பீட்டர்சன், 1934இல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வொரு பறவைக்கும் படம் போட்டு, எதைப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்று சிறு கோடு போட்டுக் காட்டினார். முதல் பதிப்பு 2,000 படிகள் சில வாரங்களில் தீர்ந்துபோயின. துப்பாக்கி வைத்திருந்த அறிஞர்களின் கையிலிருந்த அறிவு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கிற எழுத்தருக்கும் ஆசிரியைக்கும் வந்து சேர்ந்தது அந்தக் கோடுகளால்தான். இந்தக் கலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

அந்த எழுத்தர்களும் ஆசிரியைகளும்தான் ராம்பிளைக் காப்பாற்றினார்கள். 1955இல் நகரப் பூங்காத் துறைத் தலைவராக இருந்த ராபர்ட் மோசஸ், ராம்பிளின் 14 ஏக்கரில் முதியோர் பொழுதுபோக்கு மையம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார். நோக்கம் நல்லது, பணமும் ஓர் அறக்கட்டளையிடமிருந்து வரவிருந்தது. பறவை நோக்கர்கள் எதிர்த்தனர். மற்ற இடங்களில் எதிர்ப்பவர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு நெடுஞ்சாலைகளும் பாலங்களும் கட்டியவர் மோசஸ். இங்கே அது நடக்கவில்லை. அறக்கட்டளை நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, திட்டம் கைவிடப்பட்டது. பறவையின் பெயர் தெரிந்த சில நூறு பேர் இல்லாதிருந்தால், இன்று ஓக் மரங்கள் நிற்கும் இடத்தில் கட்டடம் நின்றிருக்கும்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் பூங்காவுக்கு கிர்ட்லாண்ட்ஸ் வார்ப்ளர் வந்தது. மிச்சிகன் மாநிலத்தை மையமாகக் கொண்டு, பெரும்பாலும் இளம் ஜாக் பைன் மரங்களுக்கு அடியிலேயே கூடுகட்டும் பறவை அது. ஒரு காலத்தில் பாடும் ஆண்பறவைகள் 200க்கும் குறைவாக இருந்தன. காட்டைத் திட்டமிட்டு வளர்த்துக் காத்ததால் எண்ணிக்கை பெருகி, 2019இல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வலசைப் பாதையை விட்டு விலகி இந்த வகைப் பறவை ஒன்று மன்ஹாட்டனில் இறங்கியது பூங்கா வரலாற்றில் அதுவே முதல்முறை. இக்கட்டுரையாளர் போனபோது நூற்றுக்கணக்கானோர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தனர். அலுவலக உடையோடு சிலர், குழந்தைத் தள்ளுவண்டியோடு சிலர். பறவை தெரிந்தபோது கூட்டத்திலிருந்து எழுந்தது கூச்சல் அல்ல, ஒரு பெருமூச்சு. முன்வரிசையில் இருந்தவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, தாமாகவே விலகிப் பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டார்கள். கோயிலில் தீபாராதனை முடிந்தபின்கூட அப்படி ஒதுங்குவதில்லை நாம்.

2020இன் இளவேனில் வேறு மாதிரி இருந்தது. கொரோனா நகரத்தைத் தாக்கியிருந்த காலம். பூங்காவின் கிழக்குப் புல்வெளியில் வெள்ளைக் கூடாரங்கள் அடித்து 68 படுக்கை கொண்ட தற்காலிக மருத்துவமனை நடத்தினார்கள். சாலையில் கார்கள் இல்லை, விமானங்கள் அரிது. அந்த அமைதியில் பறவைகளின் பாட்டும் ஆம்புலன்ஸ் ஒலியும் மட்டும் மாறி மாறிக் கேட்டன. முகக்கவசத்தின் ஆவி இருநோக்கியின் கண்ணாடியில் படிந்தது. தெரிந்த முகங்கள் பலவற்றைக் காணவில்லை. அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்களா, மருத்துவமனையில் இருக்கிறார்களா என்று கேட்கப் பயமாக இருந்தது. பறவைகள் வழக்கம்போல், வழக்கமான நாட்களில் வந்தன. அந்த ஒழுங்குதான் அவ்வாண்டு பலரை விழாமல் தாங்கியது.

அவ்வாண்டு மே 25 காலையில் ராம்பிளில் நடந்த ஒன்றை உலகம் அறியும். கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை நோக்கர், நாயைக் கட்டாமல் விட்டிருந்த பெண் ஒருவரிடம் விதிப்படி கட்டுமாறு கேட்டார். ராம்பிளில் நாயைக் கட்டாமல் விடக் கூடாது. தரையில் இரை தேடும் பறவைகள் கலையும், அவை ஒதுங்கும் செடிகள் மிதிபடும் என்பதற்காகவே அந்த விதி. அந்தப் பெண் காவல்துறையை அழைத்து, கறுப்பினத்தவர் ஒருவர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். கூப்பர் எடுத்த காணொளி அதைக் காட்டியது. அதே நாளில்தான் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்த வார இறுதியில் கறுப்பினப் பறவை நோக்கர் வாரம் தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் தொடர்கிறது. பூங்காவின் மண்ணுக்கு இந்தப் பாகுபாடு புதிய செய்தி அன்று. இந்தப் பூங்காவை அமைக்க 1857இல் அகற்றப்பட்ட செனிகா கிராமத்தில் வாழ்ந்த சுமார் 225 பேரில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். பறவைக்குச் சத்திரமாக இருக்கும் இடம் எல்லா மனிதருக்கும் அப்படி இருந்ததில்லை என்பதை மறைத்துவிட்டு இந்தப் பூங்காவைப் பற்றி எழுத முடியாது.

பறவைகளுக்கும் இந்த நகரம் முழுக்கப் பாதுகாப்பானதன்று. இரவு வெளிச்சம் மேலே போகிற பறவையைத் திசை தப்பவைத்துக் கீழே இழுக்கிறது. காலையில் மரம் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவரை மரம் என்றே நம்பி அது மோதுகிறது. நியூயார்க்கில் ஆண்டுக்கு 90,000 முதல் 2,30,000 பறவைகள்வரை இப்படி இறப்பதாக நகரப் பறவை அமைப்பினர் மதிப்பிடுகிறார்கள். 1997 முதல் அவர்களின் தன்னார்வலர்கள் விடியலில் நடைபாதைகளில் செத்த பறவைகளைத் தேடி எண்ணிவருகிறார்கள். ஒரு மே மாதக் காலை, அலுவலகம் போகும் வழியில் இக்கட்டுரையாளரும் ஒன்றைக் கண்டார். ஓவன்பேர்ட். மார்பில் கரும்புள்ளி, உச்சியில் ஆரஞ்சுக் கோடு. காட்டுத் தரையில் கூரை வைத்த அடுப்பு போலக் கூடுகட்டுவதால் அந்தப் பெயர். கையில் எடுத்தபோது உடல் இன்னும் சூடாக இருந்தது. எடையே இல்லை. பல ஆண்டுகள் இருநோக்கி வழியாகப் பார்த்த பறவையை முதன்முதலாகக் கையில் ஏந்தியது அப்படி.

இதற்குத் தீர்வு இருக்கிறது என்பதே ஆறுதல். மன்ஹாட்டனின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் பறவைகளைக் கொன்ற கட்டடங்களுள் ஒன்று. புள்ளி பதித்த கண்ணாடியாக மாற்றியபின் மோதல்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. 2021 முதல் நகரத்தின் புதிய கட்டடங்கள் தரையிலிருந்து 75 அடி உயரம்வரை பறவைக்குத் தெரியும் கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1970க்குப் பின் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் அறிவியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த இழப்புக்குக் கண்ணாடி ஒன்று மட்டும் காரணம் அல்ல. ஆனால் நகரவாசியின் கைக்கு எட்டும் காரணம் அதுதான்.

மே மூன்றாம் வாரத்துக்குப்பின் கூட்டம் மெலிகிறது. ஆண்பறவைகள் முந்திப் போய்விட, மங்கலான பெண்பறவைகள் பின்னால் வருகின்றன. இலைகள் விரிந்து கூரை மூடிவிடுகிறது. பிளாக்போல் வார்ப்ளர் வந்துவிட்டால் பருவம் முடிகிறது என்று பொருள். கருப்புத் தொப்பி போட்டதுபோன்ற இந்தச் சிறு பறவை இலையுதிர் காலத்தில் திரும்பும்போது வேறு வழி போகும். வடகிழக்குக் கரையிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடல் மேலாக, எங்கும் இறங்காமல் இரண்டு மூன்று நாட்கள் பறந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதன் முதுகில் மிகச் சிறு கருவியைப் பொருத்தி 2015இல் இதை உறுதிசெய்தார்கள். பிளாக்போலின் பாட்டு மிக மெல்லிய, மிக உயர்ந்த சுருதி. வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது இந்த ஒலியைத்தான். ராம்பிளில் பழைய நோக்கர்கள் ஒவ்வொரு மே மாதமும் இதைச் சோதித்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஏரிக்குள் நீண்டிருக்கும் பாயின்ட் முனையில், பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி "பிளாக்போல் பாடுகிறது" என்றபோது இக்கட்டுரையாளருக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் காட்டிய கிளையில் பறவை தலையை உயர்த்தி அலகைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அந்தப் பறவை அவருக்குப் பார்க்க மட்டுமே உரியதாகிவிட்டது.

மே மாதத்தில் நியூயார்க் செல்லும் வாய்ப்பு வாசகர்களுக்கு அமைந்தால், முதல் இரண்டு வாரத்தில் ஒரு காலையை இதற்கு ஒதுக்குங்கள். சுரங்க ரயிலில் 81ஆம் தெரு அருங்காட்சியக நிலையத்தில் இறங்கினால் பூங்கா எதிரிலேயே இருக்கிறது. ராம்பிள் சிறிது நடை தூரம். பூங்கா 6 மணிக்குத் திறக்கும், கட்டணம் இல்லை. இருநோக்கி இல்லையென்றாலும் போங்கள். நின்று மேலே பார்க்கிறவர்கள் அருகில் போய் நின்றால் யாராவது கொடுப்பார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். அது இரை தேட வந்திருக்கிறது. முந்தைய இரவு நீங்கள் தங்கும் அறை உயர்ந்த மாடியில் இருந்தால், படுக்கப் போகுமுன் விளக்கை அணைத்துத் திரையை இழுத்து மூடிவிடுங்கள்.